இரும்புக்கையும் இழந்த கையும்

எங்கள் வீட்டுக்குப் படக்கதைகள் அண்ணனுக்காகத்தான் வந்தன. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய புத்தகக் கடை. ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வருவான். அவன் படித்து முடித்து, திருப்பிக் கொடுக்கக் கிளம்புவதற்கு முன் சாப்பிட உட்காரும் நேரம் மட்டும் என்னுடையது. அப்படி அரக்கப் பரக்கப் படித்ததில் இன்றும் மனத்தில் நிற்பவன் இரும்புக்கை மாயாவி. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகன் அவன்தான். அதற்குப் பத்தாண்டு முன்பு இங்கிலாந்தில் பிறந்தவன் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லாரும் அவனை உள்ளூர்க்காரனாகவே பாவித்தார்கள்.

விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன் லூயிஸ் கிராண்டேல். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் மறையாது. ஆளில்லாத ஒரு கை கதவைத் திறக்கும், துப்பாக்கியைப் பறிக்கும். அண்ணனும் அவன் கூட்டாளிகளும் அந்தக் கையைப் பார்த்துத்தான் மெய்சிலிர்த்தார்கள். நான் ஆசைப்பட்டது மறைவதற்கு. வில்லன்களைப் பிடிக்கும் எண்ணமெல்லாம் எனக்குக் கிடையாது. இரண்டாம் ஆட்டம் விட்டு வருகிறவர்கள் கூடும் டீக்கடை பெஞ்சில் ஓரமாக உட்கார வேண்டும். நூலகத்தில் பெண்கள் பகுதி என்று ஒதுக்கிய ஒற்றை மேசையை விட்டுவிட்டு உள்ளே அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். மொட்டைமாடியில் தூங்க வேண்டும். இவ்வளவுதான். இதற்கு ஒருத்திக்கு மின்சாரம் பாய வேண்டியிருந்தது.

கல்லூரியில் பாடம் நடத்தத் தொடங்கிப் பல ஆண்டு கழித்துதான் அந்தப் படத்தின் இன்னொரு பாதி எனக்குத் தெரிந்தது. ஆள் தெரியாமல் கை மட்டும் தெரிவது எங்கள் வீட்டில் தினமும் நடந்த காரியம். தட்டில் சோறு விழும், தண்ணீர் சொம்பு வந்து நிற்கும், எச்சில் தட்டு போய்விடும். அந்தக் கைக்குப் பின்னால் ஆள் இருப்பதை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே மாயாவி படித்தபோது அவன் எதிரிலேயே ஒரு மாயாவி இருந்தாள். அவனுக்கு மறைவது ஒரு வல்லமை; அம்மாவுக்கு அது அன்றாடம்.

(பெண் நாயகி இல்லாமலும் இல்லை. 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸின் முதல் இதழே மாடஸ்டி பிளைசியின் கதைதான். ஆனால் அண்ணன் அவளை மட்டும் என் கண்ணில் காட்டவே மாட்டான். பரணில் ஒளித்து வைத்திருந்தான். அந்தப் பரணைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.)

மணிமேகலையை முதுகலை வகுப்புக்கு ஆண்டுதோறும் நடத்துகிறேன். மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்கள் கொடுக்கிறது. வேற்றுருக் கொள்ள ஒன்று, வான்வழி செல்ல ஒன்று, பசியைத் தாங்க ஒன்று. இவற்றை ‘இயற்கை இறந்த நிகழ்ச்சி’ என்று ஒரு தலைப்புப் போட்டு ஐந்து மதிப்பெண் வினாவாக ஆக்கி வைத்திருக்கிறோம். அந்த மந்திரங்கள் எங்கே பயன்படுகின்றன என்று பாருங்கள். உதயகுமரன் துரத்துகிறான், காயசண்டிகையின் உருவை எடுக்கிறாள். அரசமாதேவி அவளைக் கெடுக்க ஓர் இளைஞனை அனுப்புகிறாள், ஆணுருக் கொள்கிறாள். வஞ்சி நகரில் சமயவாதிகளின் வாதங்களைக் கேட்க வேண்டும். அதற்கும் துறவியான ஓர் ஆணின் வடிவம் தேவைப்படுகிறது. ஒரு பெண் தன் உடலோடு ஊருக்குள் நடக்கவும் தத்துவம் கேட்கவும் முடியாத இடங்களில் எல்லாம் மந்திரம் வேலை செய்கிறது. அதோடு முடியவும் இல்லை. காயசண்டிகையின் உருவில் இருந்ததால்தான் அவள் கணவன் காஞ்சனன் தவறாகப் புரிந்துகொண்டு உதயகுமரனை வெட்டுகிறான். இன்னொருத்தியின் உடலைக் கடன் வாங்கினால் அவளுடைய புருஷனும் சேர்ந்து வருகிறான்.

இதை நடத்திக்கொண்டிருந்த நாள்களில்தான் தோழி ஒருத்தி தன் மகளுக்கு வாங்கிய மிஸ் மார்வெல் முதல் தொகுப்பை எனக்குப் படிக்கத் தந்தாள். 2014இல் தொடங்கிய தொடர். நாயகி கமலா கான், பதினாறு வயது, நியூ ஜெர்சியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், வரைந்தவர் ஏட்ரியன் அல்ஃபோனா, பின்னால் இருந்து உருவாக்கிய பதிப்பாசிரியர் சனா அமானத். இரவு விருந்துக்குப் போக அப்பா அனுமதி தரவில்லை. கமலா சன்னல் வழியாக இறங்கிப் போகிறாள். வழியில் ஒரு பனிமூட்டம். அதற்குள் வீர நாயகர்கள் தோன்றி உருதுக் கவிதை சொல்கிறார்கள். என்னவாக விரும்புகிறாய் என்று கேட்கிறார்கள். அவள் தான் ஆராதிக்கும் கரோல் டேன்வர்ஸைப் போல ஆக வேண்டும் என்கிறாள். மூட்டம் கலைந்ததும் அவள் வெள்ளைத் தோல், பொன்னிறக் கூந்தல், தொடை தெரியும் உடையோடு நிற்கிறாள். ஆசைப்பட்டது அப்படியே கிடைத்துவிட்டது. ஆனால் காலணி கடிக்கிறது, உடை உறுத்துகிறது, முடி முகத்தில் விழுகிறது. அந்த உடம்போடுதான் நீரில் மூழ்கும் ஒரு வகுப்புத் தோழியைக் காப்பாற்றுகிறாள். தன் சொந்த முகத்தோடு அதே வேலையைச் செய்யலாம் என்ற எண்ணம் மெதுவாகத்தான் வருகிறது. பிறகு முழு உடம்பையும் மூடும் பழைய நீச்சல் உடையை வெட்டித் தைத்துத் தன் சீருடையாக்கிக்கொள்கிறாள்.

இதை வகுப்புக்கு எடுத்துப் போனேன். ஒரு பிரதி, முப்பத்திரண்டு பெண்கள். பக்கங்களைக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஆங்கில உரையாடல்களை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பொன்னிற முடிப் பக்கம் வந்ததும் வகுப்பில் ஒரு சிரிப்பு எழுந்தது. கேலிச் சிரிப்பில்லை, மாட்டிக்கொண்ட சிரிப்பு. அவர்களில் பலருடைய செல்பேசியில் முகத்தை வெளுப்பாக்கும் செயலி இருக்கிறது. கல்யாணத்துக்கு அனுப்பும் படத்தில் எல்லாரும் கரோல் டேன்வர்ஸ்தான். “அம்மா, மணிமேகலையும் காயசண்டிகையா மாறினதுக்கு வருத்தப்பட்டாளா?” என்று ஒருத்தி கேட்டாள். பதினைந்து ஆண்டில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. எந்த உரையாசிரியரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கமலாவின் வல்லமை உடம்பிலேயே இருக்கிறது. அவள் நீள்வாள், சுருங்குவாள், கை ஒரு கதவளவு பெரிதாகும். அல்ஃபோனா அதைக் கொஞ்சம் அசிங்கமாகவே வரைந்திருக்கிறார். மெல்லிய தோள்களில் பொருந்தாத ராட்சசக் கைகள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெண்ணின் கை பெரிதாகவும் பொருத்தமில்லாமலும் இடத்தை அடைத்துக்கொண்டும் இருக்கலாம் என்று ஒரு படம் சொல்கிறது. 2022இல் இது தொலைக்காட்சித் தொடராக வந்தபோது அந்தக் கையை மாற்றிவிட்டார்கள். கொள்ளுப்பாட்டியின் வளையலிலிருந்து ஒளி வருகிறது; அந்த ஒளிதான் கையைப் போல நீள்கிறது. அதில் 1947 பிரிவினை வருகிறது, ரயில் வருகிறது. பாட்டிமாரின் நினைவு ஒரு பெண்ணிடம் வந்து சேர்வது அழகாகவும் இருக்கிறது. இருந்தாலும் எனக்கு ஒரு குறை. உடம்பில் இருந்த ஆற்றல் நகைக்குப் போய்விட்டது. பெண்ணின் பெருமையை நகையில் வைக்க நமக்குத்தான் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லையே.

பன்முகத்தன்மை என்ற சொல் இப்போது பதிப்புலகில் நன்றாக விற்கிறது. அட்டையில் நான்கு நிறத்தில் நான்கு குழந்தைகள் கை கோத்து நிற்பார்கள். உள்ளே கதை முழுவதும் ஒரே குழந்தையின் கதையாக இருக்கும். நிறத்தை மாற்றிப் பூசினாலும் கதையில் ஒரு சம்பவமும் மாறாது என்றால் அங்கே வேறுபாடு எதுவும் இல்லை, சாயம்தான் இருக்கிறது. நைஜீரிய அமெரிக்க எழுத்தாளர் நெடி ஓகோராஃபோரின் பிந்தி (2015) என்ற குறுநாவலில் நமீபியாவின் ஹிம்பா இனப் பெண் வேற்றுக்கோளில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குக் குடும்பத்துக்குத் தெரியாமல் கிளம்புகிறாள். தலையிலும் தோலிலும் செம்மண் குழைத்த பூச்சு. விண்வெளிக்குப் போகிறவள் அதைத் துடைத்துவிட்டுப் போகவில்லை. அந்தப் பூச்சுதான் கதையில் உயிர்களைக் காப்பாற்றுகிறது, பேச்சுவார்த்தைக்கு வழி செய்கிறது. பூச்சை எடுத்துவிட்டால் கதையே இல்லை. விடுதியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தேங்காய் எண்ணெயை நிறுத்திவிடும் என் மாணவிகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

இதுவரை சொன்னவை பதின்பருவத்தினர் படிக்கக்கூடியவை. அடுத்த நூலை அப்படிக் கையில் கொடுத்துவிட்டுப் போக முடியாது. கூட உட்கார்ந்து படிக்க வேண்டும். ஆக்டேவியா பட்லரின் கிண்ட்ரெட் 1979இல் வந்தது. டேனா என்ற கறுப்பினப் பெண், எழுத்தாளர், 1976இல் லாஸ் ஏஞ்சலிஸில் வாழ்கிறவள். திடீர் திடீரென்று பத்தொன்பதாம் நூற்றாண்டு மேரிலாந்தின் அடிமைப் பண்ணைக்கு இழுக்கப்படுகிறாள். அங்கே ரூஃபஸ் என்ற வெள்ளைக்காரச் சிறுவன் ஆபத்தில் சிக்கும்போதெல்லாம் அவள் போய்க் காப்பாற்ற வேண்டும். ஏனென்றால் அவன் அவளுடைய மூதாதை. அவன் வளர்ந்து, ஆலிஸ் என்ற பெண்ணை வன்முறையால் தனதாக்கினால்தான் டேனாவின் வம்சம் பிறக்கும். தன் பிறப்பு நிகழ வேண்டுமானால் இன்னொரு பெண்ணுக்கு நடக்கும் கொடுமையை அவள் தடுக்கக் கூடாது. காலப்பயணக் கதைகளில் தாத்தாவைக் கொன்றால் பேரன் என்ன ஆவான் என்று ஆண்கள் புதிர் போட்டு விளையாடுவார்கள். பட்லர் அந்தப் புதிரை எடுத்து ஒரு பெண்ணின் உடம்பில் வைத்துவிட்டார்.

ஜூலை 4, 1976. அமெரிக்கா தன் இருநூறாவது சுதந்திர நாளைக் கொண்டாடும் நாளில் டேனா கடைசியாகத் திரும்பி வருகிறாள். ரூஃபஸ் பற்றியிருந்த இடத்திலிருந்து அவள் இடது கை வீட்டுச் சுவரோடு சுவராகிவிடுகிறது. கையை விட்டுவிட்டுத்தான் வர முடிந்தது. 2017இல் டேமியன் டஃபியும் ஜான் ஜென்னிங்ஸும் இதைப் படக்கதையாக்கினார்கள். நிகழ்காலத்தை மங்கிய பழுப்பிலும் கடந்தகாலத்தை அடர்ந்த வண்ணங்களிலும் தீட்டியிருக்கிறார்கள். பழைய நினைவைப் பழுப்பாகக் காட்டுவதுதானே வழக்கம்? இங்கே தலைகீழ். பண்ணை பளிச்சென்று இருக்கிறது, லாஸ் ஏஞ்சலிஸ் வெளிறிக் கிடக்கிறது. நாவலைப் படித்தபோது நான் தாண்டிப்போன சவுக்கடிகளைப் படக்கதையில் தாண்ட முடியவில்லை. ஜென்னிங்ஸின் கோடுகள் கரடுமுரடானவை. உடல்கள் கோணலாக, அவசரத்தில் செதுக்கியவை போல இருக்கும். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. அழகாக வரைந்திருந்தால் அந்தப் பக்கங்களில் என் கண் தங்கி ரசித்திருக்கும் என்பது இரண்டாவது வாசிப்பில்தான் உறைத்தது.

பட்லரின் தாய் வீட்டு வேலை செய்தவர். வேலை செய்த வீடுகளுக்குள் அவர் பின்வாசல் வழியாகப் போவதைச் சிறுமியாகப் பார்த்து வெட்கப்பட்டதையும், அந்த வெட்கத்திலிருந்து இந்த நாவல் வந்ததையும் பட்லர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தாய்க்காக வெட்கப்பட்ட மகள், பிறகு அந்த வெட்கத்துக்காக வெட்கப்பட்டு எழுதிய நூல். மாயாவி கை இழந்ததால் வல்லமை பெற்றான். டேனா கை இழந்ததற்கு ஈடாக ஒன்றும் பெறவில்லை, உயிரோடு வந்தாள். இந்த இரண்டு கைகளையும் அருகருகே வைத்துத்தான் விந்தைப் புனைவு யாருடைய கற்பனை என்பதை வகுப்பில் பேசி வந்தேன்.

நம் பக்கத்தில் இந்தக் கற்பனை புதிதில்லை. 1901இல் சென்னையில் கமலா சத்தியநாதன் தொடங்கிய தி இந்தியன் லேடீஸ் மேகஸினில்தான், 1905இல், வங்கத்து ரொக்கேயா சகாவத் ஹுசைனின் சுல்தானாவின் கனவு வெளியாயிற்று. பெண்கள் ஆளும் நாடு. ஆண்கள் வீட்டுக்குள். சூரிய வெப்பத்தால் சமையல், மேகத்திலிருந்து நேராக இறக்கும் நீர், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேர வேலை. பக்கத்து நாட்டு மன்னன் தன்னிடமிருந்து தப்பி வந்தவர்களைத் திருப்பிக் கேட்கிறான். அடைக்கலம் தந்தவர்களை ஒப்படைக்க ராணி மறுக்கிறாள். போர் அதனால் வருகிறது. இந்த ஒரு இடத்துக்காகவே அந்தக் கதையை நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். சென்னையின் தாரா புக்ஸ் வெளியிட்ட பதிப்பில் கோண்டு ஓவியர் துர்காபாய் படம் வரைந்திருக்கிறார். வங்கத்து மேல்குடி முஸ்லிம் பெண்ணின் ஆங்கிலக் கனவு ஒரு நூற்றாண்டு கழித்து ஆதிவாசிப் பெண்ணின் கையில் வேறு உடல் பெறுகிறது. ரொக்கேயாவின் வரிகளில் யாருக்கும் நிறமோ இனமோ அவ்வளவாக இல்லை. துர்காபாய் அதைத் தன் மக்களின் கண்களாலும் புள்ளிகளாலும் கோடுகளாலும் நிரப்பிவிட்டார். கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது, கனவில் தெருவில் இறங்கியதும் சுல்தானா கூச்சத்தால் குறுகுவது. தடுக்க யாரும் இல்லாத ஊரிலும் அவள் உடல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

தமிழில் சுஜாதாவின் என் இனிய இயந்திராவைச் சொல்லாமல் போனால் என் மாணவிகள் விடமாட்டார்கள். அரசு அனுமதித்தால்தான் குழந்தை பெறலாம் என்ற நாட்டில் நிலா என்ற பெண்ணை நடுவில் வைத்தது பெரிய விஷயம். ஆனால் நாவலில் நகைச்சுவையும் அறிவும் தைரியமும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குப் போய்ச் சேர்ந்தன. நிலா கேட்பாள், நாய் சொல்லும். ஜீனோவை எனக்கும் பிடிக்கும். அதுதான் சங்கடம்.

இவ்வளவையும் சேர்த்து நான் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தேன்: எந்தக் கோளுக்குப் போனாலும் உன் உடம்போடு போ, உன் ஊரை, நிறத்தை, மொழியை உதறிவிட்டுப் போகாதே. அகமதிப்பீட்டுக்குக் கட்டுரைக்குப் பதிலாக ஒரு விந்தைப் புனைவுக் கதை எழுதச் சொன்னேன். ஒரு மாணவியின் கதை மற்றவற்றைவிட மிக நன்றாக இருந்தது. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில், பனிக்கட்டிக்கு அடியில் ஒரு குடியிருப்பு. அங்கே தண்ணீர்க் குழாய்களைப் பழுது பார்க்கும் ஒரு பெண். அவளுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும். பெற்றோர் இல்லை, ஊர் இல்லை, முகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதினேன்: “இவள் எந்த ஊரிலிருந்து வந்தவள்? யாருடைய மகள்? பார்க்க எப்படி இருப்பாள்? வாசகர் பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டாமா?”

துறை அறையில் மற்றவர்கள் எல்லாம் போகும்வரை வெளியே நின்றிருந்துவிட்டு அவள் உள்ளே வந்தாள். தாளை மேசைமேல் வைத்தாள். “அம்மா, இங்க எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. மொதல்ல எந்த ஊருன்னு கேப்பாங்க. அப்புறம் ஊர்ல எந்தத் தெருன்னு கேப்பாங்க. அங்கயாவது யாரும் கேக்காம இருக்கட்டுமேன்னுதான் எழுதினேன்.”

என்னிடம் எல்லாரும் முதல் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை என்பதை நாற்பது வயதைத் தாண்டி ஒரு மாணவியின் விடைத்தாளில் தெரிந்துகொண்டேன். உடம்பை உதறாதே என்று நான் சொன்னபோது, உதற முடியாமல் அதைச் சுமக்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று யோசித்ததே இல்லை. டீக்கடை பெஞ்சுக்காக மறைய ஆசைப்பட்ட பத்து வயதுச் சிறுமியை நான் புரிந்துகொண்டேன். தெருப்பெயருக்காக மறைய விரும்புகிற இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குச் சிவப்பு மையில் கேள்வி எழுதினேன். மணிமேகலைக்கும் அந்த மந்திரம் தேவைப்பட்டது அவள் சித்திராபதியின் பேத்தி, மாதவியின் மகள் என்பதை ஊரே அறிந்திருந்ததால்தான். ‘யாருடைய மகள்’ என்ற கேள்வியிலிருந்து தப்பத்தான் அவளும் ஓடினாள்.

மதிப்பெண்ணைத் திருத்திப் போட்டேன். ஒரு வரியும் மாற்றாமல் கதை கல்லூரி ஆண்டு மலரில் வந்தது. அதற்குப் படம் வரைந்தவள் வேறொரு துறை மாணவி; கதையை நன்றாகப் படித்து, ரசித்துத்தான் வரைந்திருந்தாள். பனிக்கட்டி, குழாய்கள், தூரத்தில் வியாழன் எல்லாம் அருமை. நடுவில் அந்தப் பெண். கதையில் முகம் இல்லாதவள். படத்தில் வெளுத்த நிறம், கூரிய மூக்கு, காற்றில்லாத இடத்தில் பறக்கும் நீண்ட முடி.

மலரைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். கொஞ்ச நேரம் இருவரும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இது யாரும்மா?” என்றாள்.

கிண்ட்ரெட் படக்கதையை அன்றைக்கு வாங்கிக்கொண்டு போனவள், இன்னும் திருப்பித் தரவில்லை. அடுத்த கதை பாதி ஆகிவிட்டதாம். அதற்குப் படமும் தானே வரையப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். கை மட்டும் சரியாக வரமாட்டேன் என்கிறதாம்.